மேலிடத்தின் முதல் வெட்டு

மனிதகுலத்துக்கு இதுவரை மூன்று பெரும் கொடைகள் கிடைத்திருக்கின்றன. ஒன்று நெருப்பு. இரண்டு சக்கரம். மூன்று, பூமித்தாய் எரிவாயு நிறுவனத்தின் சமூகப் பொறுப்புப் பிரிவு. முதல் இரண்டையும் கொடுத்தவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கொடுத்தவர்கள் அவற்றின்மேல் பெயர் எழுதாமல் விட்டுவிட்டார்கள். அந்தத் தவறை நாங்கள் செய்ததில்லை.

நான் அமிர்தலிங்கம். மேற்படி பிரிவின் உதவி மேலாளர். சொந்த ஊர் வலங்கைமான் பக்கம். கீழ்வேளூரிலிருந்து கிழக்கே போனால் பூவன்விளாகம் என்று ஓர் ஊர். அங்கே பூமிக்கு அடியில் எங்கள் நிறுவனத்துக்கு எரிவாயு கிடைத்தது. பூமிக்கு மேலே எனக்கு உத்தியோகம் கிடைத்தது. ஊர்க்காரர்களுக்கு என்ன கிடைத்தது என்று சில விஷமிகள் கேட்கிறார்கள். அவர்கள் வாயை அடைக்கவே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு குப்பைத் தொட்டி கிடைத்தது. வீட்டுக்கு இரண்டு. மக்கும் குப்பைக்குப் பச்சை, மக்காத குப்பைக்கு நீலம். மூடி இறுக்கமாக இருந்ததால் எலி புகாது என்று கண்டுபிடித்த பூவன்விளாகம், பச்சையில் விதைநெல்லையும் நீலத்தில் உளுந்தையும் கொட்டி வைத்துக்கொண்டது. ஆண்டறிக்கையில் ‘நூறு சதவிகிதப் பயன்பாடு’ என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

இரண்டாம் ஆண்டு யோகா. நடவு நடும் பெண்களுக்காகவே ஏற்பாடு செய்த முகாம். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது எப்படி என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். விடிந்ததிலிருந்து சேற்றில் குனிந்தே இருந்துவிட்டு வந்த பெண்கள் மரியாதைக்காக இன்னொரு முறை குனிந்தார்கள். நிமிர்வதற்கு ஏதாவது ஆசனம் உண்டா என்று ஒருத்தி கேட்டாள். அது ‘இரண்டாம் கட்டத்தில்’ வரும் என்று பதில் அளிக்கப்பட்டது.

மூன்றாம் ஆண்டு விழிப்புணர்வு. ‘மழைநீரை வீணாக்காதீர். ஒவ்வொரு துளியையும் சேமிப்பீர்’ என்று ஆளுயரப் பலகை ஒன்றை வயல்வெளியில் நட்டோம். நட்ட ஐப்பசியிலேயே அந்த வயல்வெளி முழுவதும் இடுப்பளவுத் தண்ணீர் நின்றது. ‘சேமிப்பீர்’ என்ற வரி தண்ணீருக்குள் போய்விட்டது. எங்கள் அறிவுரையை ஓர் ஊர் இவ்வளவு வேகமாகக் கடைப்பிடிக்கும் என்று நாங்களே எதிர்பார்க்கவில்லை.

தண்ணீர் ஏன் நின்றது?

இது கொஞ்சம் நுட்பமான விஷயம். ஊருக்குத் தெற்கே நரியன் வடிகால் என்று ஒன்று ஓடுகிறது. வயல்களில் மிஞ்சுகிற மழைத்தண்ணீர் அதில் விழுந்து கடலுக்குப் போகும் என்று ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் வரைபடத்தில் அப்படி ஒரு வடிகால் கிடையாது. அந்த இடத்தில் ‘பயன்பாடற்ற தாழ்நிலம்’ என்று போட்டிருந்தது. பயன்பாடற்றதைப் பயன்படுத்துவதுதானே தொழில். குறுக்கே கிராவல் கொட்டி, எங்கள் கனரக லாரிகள் போக ஒரு சாலை போட்டோம். தண்ணீரை மறந்துவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. சாலைக்கு அடியில் ஒரு குழாய் வைத்தோம். ஆட்டுக்குட்டி தலையை நுழைத்தால் திரும்ப எடுக்க முடியாத அளவுக் குழாய்.

பூவன்விளாகத்தில் எங்கள் பெயர் இல்லாத பொருள் கிடையாது. பெஞ்சில் பெயர். பள்ளிக்கூடச் சுவரில் பெயர். நாங்கள் கொடுத்த டியூப்லைட்டில் பெயரைப் பெரிதாக எழுதியதால் வெளிச்சம் கொஞ்சம் குறைவாகவே வெளியே வந்தது. அந்தச் சாலையில் மட்டும் பெயர் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று எங்கள் வக்கீல் சொன்னார். அடக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

சாலையை ஒட்டி மேற்கே முதல் வயல் தங்கம்மாளுடையது. அஞ்சு மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. பண்ணையில் கூலிக்கு நின்ற அவருடைய அப்பாவும் அம்மாவும் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அந்தக் குடும்பத்தின் பெயரில் பட்டா ஏறிய முதல் மண். சாலை வந்த பிறகு இரண்டு சம்பா அதில் அழுகியது. ஒவ்வொரு முறையும் தங்கம்மாள் என் அலுவலகத்துக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே கோரிக்கை. சாலையின் குறுக்கே பெரிய குழாய் வைத்து, தண்ணீருக்கு வழி விட வேண்டும்.

கோரிக்கை ‘தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வில்’ இருப்பதாகத் தெரிவித்தேன். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பதற்காக ஒரு தையல் மெஷின் கொடுத்தேன். இரண்டாம் முறை வந்தபோது தலைமையகம் அவருடைய பிரச்சினையை ‘வாய்ப்பாக’ மாற்றியிருந்தது. தேங்கும் நீரை வளமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாத்துக்குஞ்சுகள் அனுப்பியது. வாத்துகள் எங்கள் ஆலோசனையைத் தவறாகப் புரிந்துகொண்டு, தண்ணீர் தேங்காத பக்கத்து வயல்களுக்குப் போய் மேய்ந்தன.

தங்கம்மாள் கோபப்படவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“என் காலை மிதிச்சுக்கிட்டு நிக்கிறீங்க சார். காலை எடுங்கன்னு சொன்னா, கைக்கு மோதிரம் போடுறேங்கிறீங்க.”

இந்த வாக்கியத்தைப் ‘பயனாளியின் பாராட்டு’ என்ற பகுதியில் சேர்க்க முயன்றேன். கடைசி மூன்று சொற்கள் மட்டும் இடம் பிடித்தன.

எங்கள் நிலம் வாங்கும் பிரிவு எனக்கு அடுத்த அறையில் இருக்கிறது. நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு என்ன விலையோ, அந்த விலைக்கு அவருடைய அஞ்சு மாவையும் வாங்கிக்கொள்ள அந்தப் பிரிவு பெருந்தன்மையோடு முன்வந்திருந்தது. லாரி நிறுத்த இடம் வேண்டியிருந்தது. தண்ணீர் ஏன் தேங்குகிறது என்பது அந்தப் பிரிவின் பொறுப்பில் வராது. தடுப்புக்கு அந்தப் பக்கம் என் பொறுப்பில் வராது.

“இந்தச் சம்பாவும் போச்சுன்னா வித்துட்டு மக வீட்டோட போயிடுவேன் சார்” என்றார் தங்கம்மாள், எழுந்துகொண்டே. “அப்புறம் நல்லது செய்யறதுக்கு ஒங்களுக்குத்தான் ஆளு இருக்காது.”

*

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். எங்கள் சேவைக்கு சி.எஸ்.ஆர். என்று பெயர். எங்கள் பக்கத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான் நினைவுக்கு வரும். புகார் கொடுத்தால் அங்கே தருகிற ரசீதுக்கும் அதே பெயர். பூவன்விளாகத்தில் இரண்டு சி.எஸ்.ஆரும் எங்கள் கைங்கரியம்தான்.

போன மழைக்கு நடந்தது. ஊர்த்தலைவர் வைரக்கண்ணு நாலைந்து இளைஞர்களோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, தண்ணீர் போவதற்காக எங்கள் சாலையை வெட்டப் பார்த்தார். காவலாளிகள் தடுத்தார்கள். நிறுவனம் புகார் கொடுத்தது. ‘நிறுவனச் சொத்துக்குச் சேதம் விளைவிக்க முயற்சி’ என்று வழக்கு. அதற்காக ஊரைக் கைவிட்டுவிட்டோமா? இல்லை. அதே வாரம் இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்தினோம். வைரக்கண்ணுவுக்குக் கிட்டப் பார்வை மங்கல் என்று கண்டுபிடித்து, நல்ல கண்ணாடியாகப் பார்த்துக் கொடுத்தோம். சம்மனை அந்தக் கண்ணாடி போட்டுத்தான் படித்தார்.

ஆகவே இந்தப் புரட்டாசியில் வைரக்கண்ணுவும் தங்கம்மாளும் தாம்பாளத்தில் வெற்றிலைபாக்கு வைத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தபோது எனக்குக் கொஞ்சம் வியர்த்தது. தாம்பாளத்துக்கு அடியில் மண்வெட்டி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

“வடிகால் வெட்டு வைக்கிறோம். இந்த வருஷம் முதல் மரியாதையை ஒங்க பெரியவருக்குக் குடுக்கறதா ஊர்ல பேசியிருக்கோம்” என்றார் வைரக்கண்ணு.

எங்கள் நிர்வாக இயக்குநரை நாங்கள் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘மேலிடம்’ என்போம். மேலிடம் இருப்பது சென்னையில், உயரமான ஒரு கட்டடத்தில். பூவன்விளாகத்தின் நலனை அங்கிருந்தே தெளிவாகப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் அதுவரை ஊருக்கு வந்ததில்லை.

“ஒங்க மரியாதையாச்சேண்ணே அது?” என்றேன். பூவன்விளாகத்தில் முதல் மரியாதை வைரக்கண்ணு குடும்பத்துக்கு. அவருடைய அப்பா, அதற்கு முன் தாத்தா. அதற்காக ஒரு முறை சொந்தத் தம்பியோடு பேச்சை முறித்துக்கொண்ட மனிதர்.

வைரக்கண்ணு என்னைப் பார்க்கவில்லை. நாங்கள் கொடுத்த கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தலையில துண்டு இருந்து என்ன சார் பண்றது, வயல்ல பயிரு இல்லாம” என்றார்.

வழக்கம் இதுதான். அடைமழை இறங்குவதற்கு முன்னால் ஊர் கூடி வடிகாலை வெட்டிச் சீர் செய்யும். அன்று காலை பிடாரியம்மன் கோவிலில் ஒருவருக்குப் பரிவட்டம் கட்டுவார்கள். அவர் மஞ்சள் பூசிய மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மேளத்தோடு போய், எந்த இடத்தில் தண்ணீர் மறிக்கிறதோ அந்த இடத்தில் முதல் வெட்டு வெட்ட வேண்டும். வெட்டிவிட்டால், தண்ணீர் ஓடும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகக் கூடாது. பரிவட்டத்தை அவிழ்க்கவும் கூடாது.

இதை அப்படியே தலைமையகத்துக்குத் தெரிவித்தேன். பரிவட்டம், மாலை, மேளம், மஞ்சள் பூசிய மண்வெட்டி. தலைமையகம் பரவசமடைந்தது. பெருநிறுவன உலகில் மண்வெட்டி ஒரு புனிதப் பொருள். அடிக்கல் நாட்டு விழாவில் ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் ஒரு கரண்டி மண்ணை அள்ளி, கேமராவைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் நிற்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். மேலிடம் அப்படி அள்ளிய கரண்டிகளைச் சேர்த்தால் ஒரு தொட்டிச் செடி வைக்கலாம்.

தண்ணீர் மறிக்கும் இடம் எது என்று தலைமையகம் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல எங்கள் விதிமுறைகளில் இடமில்லை.

*

தேதி குறித்தோம். மேலிடம் தேதியைத் தள்ளிவைத்தார். வெளிநாட்டில் நீர் மேலாண்மை மாநாடு. அதில் அவர் தலைமையுரை.

மறுபடி குறித்தோம். மறுபடி தள்ளிப்போனது. இந்த முறை பரிவட்டத்தில் சிக்கல். நிறுவனத்தின் நிறம் நீலம். கோவிலில் கட்டும் துண்டு சிவப்பு. நீலத்தில், ஓரத்தில் சின்னதாக நிறுவனச் சின்னத்தோடு கிடைக்குமா என்று விளம்பரப் பிரிவு விசாரித்தது. வைரக்கண்ணுவிடம் கேட்டேன்.

“அம்மன் இடுப்புல கட்டியிருந்த சீலையில கிழிக்கிற துண்டு சார் அது” என்றார். “அம்மனுக்கு நீலம் ஒத்துக்குமான்னு நாங்க இதுவரைக்கும் கேட்டதில்ல.”

விளம்பரப் பிரிவு அம்மனை மன்னித்தது. அதற்குள் மழை முந்திக்கொண்டது.

நட்டு முடித்த இளம்பயிர். மூன்று நாள் மழையில் தண்ணீர் ஏறி, சாலை மறித்ததால் வடியாமல், பயிரின் தலைக்கு மேலே நின்றது. ஊரே கொதித்தது. இளைஞர்கள் மண்வெட்டியை எடுத்துவிட்டார்கள். வைரக்கண்ணு குறுக்கே நின்றார். அவரே வாய்தாவுக்கு அலைந்துகொண்டிருக்கிற ஆள். இன்னொரு வழக்கு ஊர் தாங்காது. வெட்டுகிற கை நம் கையாக இருக்கக் கூடாது என்று சொல்லி அவர்களை உட்கார வைத்திருந்தார். மேலிடம் வராமல் பூவன்விளாகத்தில் ஒரு பிடி மண் நகராது.

தங்கம்மாள் முழங்கால்வரை நனைந்த புடவையோடு வந்தார். கை நிறையப் பயிரைப் பிடுங்கி வந்திருந்தார். என் மேசைமேல், ஆண்டறிக்கையின்மேல், வைத்தார். நுனி பழுத்திருந்தது. வேரில் மட்டும் கொஞ்சம் வெள்ளை.

“இன்னும் மூச்சு இருக்கு சார். நாளன்னைக்கு இருக்காது.”

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். தண்ணீர் சொட்டி, அட்டையில் இருந்த மேலிடத்தின் படம் உப்பிக்கொண்டது.

தலைமையகத்துக்குப் போன் செய்தேன். பயிரைப் பற்றிப் பேசவில்லை. பயிர் அவர்களுக்குப் புரியாது. “சார், வானம் நல்லா கறுத்திருக்கு. வயல் பூரா கண்ணாடி மாதிரி தண்ணி. ட்ரோன்ல எடுத்தா வெளிநாட்டுப் படம் மாதிரி இருக்கும். நாளன்னைக்கு வெயில் வந்துடும்” என்றேன்.

மறுநாள் காலை மேலிடம் வந்து இறங்கினார்.

*

படப்பிடிப்புக்கு யுவன். கும்பகோணத்தில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுப்பவர். மாப்பிள்ளையை விரட்டும் அதே குரலில்தான் எல்லோரையும் விரட்டுவார். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் நேரடி ஒளிபரப்பு. பந்தோபஸ்துக்கு இன்ஸ்பெக்டர்.

கோவிலில் மேலிடத்துக்குப் பரிவட்டம் கட்டியவர் வைரக்கண்ணுதான். தன் தலையில் கட்டிப் பழகிய துண்டு. இரண்டு முறை முடிச்சு நழுவியது. மூன்றாம் முறை இறுக்கிவிட்டு, விலகி நின்று கும்பிட்டார். மேலிடத்தின் கண் கலங்கியது. எத்தனையோ சால்வை வாங்கியவர். அவையெல்லாம் அவருடைய பணத்தில் அவருக்கே வாங்கியவை.

ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். மண்வெட்டியைத் தோளில் வைத்தார்கள். மேளம் முன்னே போக, ஊர் பின்னே வந்தது. வீட்டுக்கு ஒரு மண்வெட்டி. பெண்கள் தலையில் கூடை. மேலிடம் என் பக்கம் சாய்ந்து, இத்தனை பேரையும் நாம்தான் ஏற்பாடு செய்தோமா என்று கேட்டார். தானாக வந்தவர்கள் என்றேன். நம்ப முடியாமல் தலையை ஆட்டினார்.

ஊர்வலம் சாலைமேல் ஏறி, நடுவில் நின்றது. மேற்கே கடல் மாதிரித் தண்ணீர். கிழக்கே அடி தெரிகிற வடிகால். மேலிடம் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“ரோட்டுல நிக்கிறோமே?”

“இங்கதாங்க மறிக்குது” என்றார் வைரக்கண்ணு.

மேலிடம் என்னைப் பார்த்தார். “பாரம்பரியம் சார்” என்றேன். அந்தச் சொல்லுக்கு எங்கள் நிறுவனத்தில் ஒரு மரியாதை உண்டு. சாலையை இன்னொரு முறை நோட்டம் விட்டார். அதில் எங்கள் பெயர் எங்கேயும் இல்லை. பெயர் இல்லாத பொருள் நம்முடையதாக இருக்க வழியில்லை. திருப்தியோடு மண்வெட்டியை ஓங்கினார்.

முதல் வெட்டு விழுந்தது. ஒரு கரண்டி கிராவல். குலவை எழுந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தார். மண்வெட்டியை நீட்டினார்.

வாங்கிக்கொள்ள ஒருவரும் கை நீட்டவில்லை.

“சார், சிரிக்காம இன்னொண்ணு. கொஞ்சம் ஆழமா” என்றார் யுவன்.

ஆழமாக வெட்டினார். மேளம் வேகம் பிடித்தது. இன்னொன்று. கோட்டைக் கழற்றினார். இருபுறமும் இளைஞர்கள் கடப்பாரையை இறக்கினார்கள். அறுபது எழுபது மண்வெட்டிகள் ஒன்றாக ஏறி இறங்கின. பெண்கள் கிராவலைக் கூடை கூடையாக வாரி ஓரத்தில் கொட்டினார்கள். அந்த நெரிசலில், அந்த மேளத்தில், மேலிடத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. வியர்வை பரிவட்டத்தை நனைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டிக்கொண்டே இருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. தங்கம்மாளிடம் அதைக் காட்டிச் சிரித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையைத் தொடங்கி வைக்காமல், செய்துகொண்டிருந்தார். உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார் என்று நான் சத்தியம் செய்வேன்.

எங்கள் காவலாளிகள் தயங்கித் தயங்கி இன்ஸ்பெக்டரிடம் போய், நிறுவனச் சொத்துக்குச் சேதம் நடக்கிறது என்று முறையிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மேலிடத்தைப் பார்த்தார். மண்வெட்டியைப் பார்த்தார்.

“யாரு மேல எழுதச் சொல்றீங்க?” என்று கேட்டார். காவலாளிகள் திரும்பிப் போய்விட்டார்கள்.

முதலில் ஒரு விரல் அகலத்துக்குத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. கிராவலை நக்கியது. இன்னும் நான்கு வெட்டு. மேற்கே நின்ற அத்தனை தண்ணீருக்கும் ஒரே சமயத்தில் நினைவு வந்ததுபோல், இரண்டு கரையையும் இடித்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது. மேலிடத்தை இரண்டு பேர் பின்னால் இழுத்துக் காப்பாற்றினார்கள். கழற்றிப் போட்ட கோட்டு கடலுக்குப் போனது.

அப்போது ஹாரன் கேட்டது. ராட்சதக் குழாய்களை ஏற்றிய கனரக லாரி ஒன்று, வெட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. அதன் நெற்றியில் எங்கள் பெயர் பெரிதாக இருந்தது.

மேலிடம் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்.

“அமிர்தலிங்கம், அந்த லாரி ஏன் நிக்குது?”

“போக வழி இல்ல சார்.”

“ஏன்?”

“ரோட்டை வெட்டியாச்சு சார்.”

“யாரு ரோடு?”

“நம்ம ரோடு சார்.”

“யாரு வெட்டினது?”

அவர் கையில் இருந்த மண்வெட்டியை மரியாதையோடு பார்த்தேன். அவரும் பார்த்தார். கை மெதுவாகத் தலைக்குப் போனது, பரிவட்டத்தை அவிழ்க்க. வைரக்கண்ணு பணிவாகக் குறுக்கே வந்தார்.

“தண்ணி இன்னும் முழுசா வடியலைங்க. பாதியில அவுத்தா ஊருக்கு ஆகாது.”

அதே நேரம் யுவன் கைப்பேசியை நீட்டினார். நேரடி ஒளிபரப்பில் பாராட்டுகள் மழையாகக் கொட்டிக்கொண்டிருந்தன. நிறுவனத்தின் சேர்மனே எழுதியிருந்தார். ‘மண்ணில் இறங்கிய தலைமை. பெருமைப்படுகிறோம்.’

மேலிடம் நீண்ட நேரம் அந்த வரியைப் பார்த்தார். பிறகு கேமராவைப் பார்த்தார். சிரித்தார். மறுபடி மண்வெட்டியை ஓங்கினார்.

*

அதன்பின் எல்லாம் சுபம். ‘தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வில்’ இரண்டு ஆண்டாகத் தூங்கிய குழாய்ப் பாலம், விவசாயிகள் நின்றபோது எழுந்திருக்கவில்லை. லாரி நின்றதும் எழுந்துவிட்டது. ஒரே வாரம். யானை நுழைகிற குழாய்கள். பாலத்தின் இரண்டு பக்கமும் எங்கள் பெயர். வைரக்கண்ணுவின் வழக்கும் முடிந்தது. அதே சாலையை அதே இடத்தில் இயக்குநரே வெட்டுகிற படம் கோர்ட்டில் ஓடியபோது எங்கள் வக்கீல் வாய்தாகூடக் கேட்கவில்லை.

தங்கம்மாளின் பயிர் பிழைத்தது. ஓரமாகக் கொஞ்சம் அழுகியது போக மீதி நிமிர்ந்துகொண்டது. தையில் அறுத்தார். நிலம் வாங்கும் பிரிவு தன் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டது.

மாசியில் எங்களுக்கு விருது வந்தது. ‘தலைசிறந்த நீர்நிலை மீட்பு’. டில்லியில் விழா. ஒரு பாரம்பரிய வடிகாலில் இருந்த ‘நெடுநாளைய அடைப்பை’ எங்கள் இயக்குநர் தன் கையாலேயே அகற்றினார் என்று வாசித்தார்கள். அரங்கம் எழுந்து நின்றது. கோப்பையின் படத்தை எடுத்துக்கொண்டு பூவன்விளாகம் போனேன். தங்கம்மாள் களத்தில் வைக்கோலை உதறிக்கொண்டிருந்தார். படத்தை வாங்கிப் பார்த்தார்.

“எதுக்கு சார் இது?”

“ஒங்க வயலைக் காப்பாத்தினதுக்கும்மா.”

“யாருகிட்டேருந்து?”

நான் மணியைப் பார்த்தேன். அவசர வேலை ஒன்று நினைவுக்கு வந்தது.

உண்மையில் வேலை இருந்தது. விருதில் மகிழ்ந்த மேலிடம், திட்டத்தை மேலும் பல ஊர்களுக்கு விரிவாக்க உத்தரவிட்டிருக்கிறார். ஒவ்வொரு ஊரிலும் வடிகால் மீட்பு, ஒவ்வொரு ஊரிலும் பரிவட்டம். ஊர்களை நேரில் பார்த்து ஆய்வு செய்ததில் ஒரு சிறிய இடையூறு தெரியவந்தது. எந்த வடிகாலிலும் அடைப்பு இல்லை. இல்லாத அடைப்பை எப்படி அகற்றுவது? அதற்கும் மேலிடம் வழி சொல்லிவிட்டார். முதல் கட்டம், சாலை. இரண்டாம் கட்டம், விழா.

பட்டியலில் முதல் ஊர் எங்கள் ஊர். கிராவல் லாரிகள் கிளம்பிவிட்டன. நல்ல சேதியை அப்பாவுக்குப் போனில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை.

“நம்மூரு வடிகால் நல்லாத்தானடா ஓடுது?” என்றார்.

“அந்தக் குறையத்தான்ப்பா முதல்ல சரி பண்ணப் போறோம்” என்றேன்.